டார்வின் நாற்பது வருடம் கட்டிய வீடு

சார்லஸ் டார்வின் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கப்பல் தான். பீகிள் கப்பல், கலாபகஸ் தீவு, ராட்சத ஆமைகள், சின்னச் சின்னக் குருவிகள். பள்ளிப் பாடப்புத்தகத்திலும் அந்தப் படங்கள் தான் இருக்கும். ஆனால் டார்வின் கப்பலில் சுற்றியது 1831 முதல் 1836 வரை ஐந்தே வருடம். அதற்குப் பிறகு அவர் பிரிட்டனை விட்டு வெளியே கால் வைக்கவே இல்லை. 1842ல் ஒரு பழைய வீட்டை வாங்கினார். 1882ல் இறக்கும் வரை அந்த வீட்டிலேயே இருந்தார். அந்த நாற்பது வருடமும் அந்த வீட்டில் ஏதோ ஒரு மூலையில் யாராவது ஒரு கொத்தனாரோ தச்சரோ வேலை பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை.

அந்த வீட்டின் பெயர் டவுன் ஹவுஸ். லண்டனில் இருந்து சுமார் 16 மைல் தள்ளி, கென்ட் பகுதியில் டவுன் என்கிற சிறு கிராமத்தில் இருக்கிறது. (கிராமத்தின் பெயரோடு பிறகு ஆங்கிலத்தில் ஓர் 'ஈ' எழுத்து சேர்ந்துகொண்டது. வீட்டின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. இன்றைக்கும் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.)

1839ல் டார்வினுக்கும் எம்மா வெட்ஜ்வுட்டுக்கும் திருமணம் நடந்தது. லண்டன் அப்பர் கோவர் தெருவில் வாடகை வீடு. மூன்று வருடத்தில் இரண்டு குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். டார்வினுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. வாந்தி, படபடப்பு, தலைசுற்றல், இரண்டு பேரோடு அரை மணி நேரம் பேசினால் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அது என்ன வியாதி என்று இன்று வரை மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தென் அமெரிக்கப் பூச்சிக்கடியால் வந்தது என்கிறார்கள் சிலர், பால் ஒத்துக்கொள்ளாததால் வந்தது என்கிறார்கள் சிலர், எல்லாம் மனசு தான் என்கிறார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும் லண்டனின் புகையும் விருந்தும் அவருக்கு ஆகவில்லை. அப்பா ராபர்ட் டார்வின் ஷ்ரூஸ்பரியில் பெரிய மருத்துவர், பணக்காரர். அவர் பணம் கொடுக்க ஒத்துக்கொண்டதும் வீடு தேட ஆரம்பித்தார்கள்.

டவுன் ஹவுஸ் பார்த்தவுடன் பிடித்த வீடு இல்லை. 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம். சதுரமாக, மூன்று மாடி, வெள்ளையடித்த சுவர். முன்னால் தெரு, அதுவும் ஜன்னலை ஒட்டி. போகிற வருகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கலாம். பழைய வீட்டின் அழகும் இல்லை, புது வீட்டின் பளபளப்பும் இல்லை என்கிற பொருளில் டார்வினே ஊருக்குக் கடிதம் எழுதினார். எம்மா முதலில் போய்ப் பார்த்த நாள் குளிரும் மேகமூட்டமுமாக இருந்திருக்கிறது. சுற்றி இருந்த நிலம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விலை குறைவு. கூடவே பதினெட்டு ஏக்கர் நிலம். இரண்டாயிரம் பவுனுக்குச் சற்று மேல் கொடுத்து அந்த ஊர்ப் பாதிரியாரிடம் இருந்து வாங்கிவிட்டார்கள்.

1842 செப்டம்பரில் குடி வந்தார்கள். வந்த சில நாளில், 23ஆம் தேதி, மேரி எலனார் பிறந்தாள். மூன்று வாரம் தான் உயிரோடு இருந்தாள். கிராமத்துத் தேவாலய மண்ணில் அவளைப் புதைத்தார்கள். புது வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. நம் ஊராக இருந்தால் வீடு ராசியில்லை என்று சொல்லி அடுத்த மாதமே காலி செய்திருப்பார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாறாக அடுத்த வருடமே கட்டட வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் வேலை தோட்டத்தைப் பார்த்த மேற்குப் பக்கம். அங்கே தரையில் இருந்து கூரை வரை மூன்று மாடிக்கும் சேர்த்து வளைவாக முன்தள்ளிய ஒரு பகுதியைக் கட்டினார்கள். கீழே வரவேற்பறை பெரிதானது. மேலே படுக்கையறைகளுக்கு வெளிச்சம் வந்தது. அந்த வளைவு தான் இன்றும் புகைப்படங்களில் டவுன் ஹவுஸின் அடையாளம். அடுத்த வேலை கொஞ்சம் வேடிக்கையானது. தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்க்கிறார்கள் என்றால் நாமாக இருந்தால் திரை போடுவோம், சுவரை உயர்த்துவோம். டார்வின் தெருவையே இறக்கிவிட்டார்! வீட்டுக்கு முன்னால் போகும் பாதையை சுமார் இரண்டு அடி தோண்டித் தாழ்த்தி, சக்கிமுக்கிக் கல்லால் ஒரு மதிலும் எழுப்பினார். தோண்டிய மண் தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பு மேடாகப் போனது. போதாததற்குப் படிப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடியை மாட்டி வைத்திருந்தார். வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே தெரியும், பிடிக்காத ஆள் என்றால் நழுவிவிடலாம்.

1845ல் நடந்த மாற்றம் தான் இந்த வீட்டுக் கதையில் மிக முக்கியமானது என்று தோன்றுகிறது. அந்த வருடம் டார்வின் தன் அக்கா சூசனுக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அப்பாவின் பணத்தில் வீடு வாங்கிச் சில வருடத்துக்குள் மறுபடி மறுபடி செலவு. ஷ்ரூஸ்பரியில் அப்பாவும் அக்காமாரும் கூடிப் பேசி ஊதாரி என்று தீர்ப்பு எழுதிவிடுவார்களோ என்கிற பயம் அந்தக் கடிதத்தில் நன்றாகவே தெரிகிறது. அதனால் காரணம் சொல்கிறார். வேலைக்காரர்கள் அவரிடம் குறை சொன்னார்களாம். வீட்டின் பின்பக்கத்துக்கு எது போக வேண்டும் என்றாலும் சமையலறை வழியாகத் தான் போக வேண்டியிருக்கிறது, அது பெரிய தொல்லை. பட்லர் பார்ஸ்லோவுக்குப் பாத்திர பண்டம் வைக்க இருக்கும் அறையோ சுத்தமாக வைத்துக்கொள்ளவே முடியாத அளவுக்குச் சின்னது. நமக்கு மட்டும் வசதி வசதியாகக் கட்டிக்கொண்டு, வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது சுயநலம் அல்லவா என்று கேட்கிறார்.

இதைப் படித்துவிட்டு டார்வின் எவ்வளவு நல்லவர் என்று உடனே உருகிவிட வேண்டாம். அப்பாவிடம் செலவுக் கணக்கு சொல்லும் போது எந்தப் பிள்ளையும் உன்னதமான காரணத்தைத் தான் முதலில் வைப்பான். அதே வேலையில் குழந்தைகளுக்கு ஒரு படிப்பறையும் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் அன்றைய இங்கிலாந்தில் சமையலறையில் இருந்து வந்த ஒரு முறையீட்டை வீட்டு எஜமான் கேட்டார், கேட்டு சுவரை இடித்தார் என்பது சின்ன விஷயம் இல்லை. ஜோசப் பார்ஸ்லோ லண்டன் வீட்டில் இருந்தே உடன் வந்தவர். 1875ல் ஓய்வு பெறும் வரை அந்தக் குடும்பத்தோடு இருந்தார். டார்வினுக்கு உடம்பு முடியாமல் போனால் அவரைத் துவட்டி, துடைத்து, படுக்க வைத்தவரும் அவர் தான். ஒரு நோயாளி நாற்பது வருடம் வேலை செய்ய ஒரு வீடு உதவியது என்றால் அந்த வீடு என்பது செங்கல் மட்டும் இல்லை, பார்ஸ்லோவும் சேர்ந்தது தான். எம்மாவும் சேர்ந்தது தான். இதைச் சொல்லாமல் அறிவியல் மேதையின் அமைதியான கிராமத்து வாழ்க்கை என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத் தான் எழுதுகிறார்கள்.

படிப்பறையைப் பார்த்தாலே இது ஒரு நோயாளிக்காக அமைத்த அறை என்று புரியும். ஒரு மூலையில் தடுப்புக்குப் பின்னால் பேசினும் கழிப்பறை வசதியும். வாந்தி வந்தால் ஓட வேண்டியதில்லை. கணப்புக்குப் பக்கத்தில் உயரமான சாய்வு நாற்காலி, அதன் கால்களில் சக்கரம். கைப்பிடிகள் மேல் குறுக்காக ஒரு பலகையை வைத்து எழுதுவார். உயிரினங்களின் தோற்றம் உட்பட அவருடைய பெரிய புத்தகங்களில் பெரும்பாலானவை மேஜையில் எழுதப்பட்டவை அல்ல, மடியில் எழுதப்பட்டவை! மூக்குப்பொடி ஜாடியை மட்டும் வேண்டுமென்றே வெளியே கூடத்தில் வைத்திருந்தார். எழுந்து போக வேண்டுமே என்கிற சோம்பலிலாவது பொடி போடுவது குறையும் என்று கணக்கு. குறைந்ததா என்றால் அவ்வளவாக இல்லை. ஜாடி மூடி திறக்கும் சத்தம் அடிக்கடி கேட்கும் என்பது பிள்ளைகளின் நினைவு.

1849ல் மால்வர்ன் ஊரில் டாக்டர் கல்லி என்பவரிடம் குளிர்நீர் வைத்தியம் செய்துகொண்டு வந்தார். திரும்பி வந்ததும் அதையே வீட்டில் தொடர ஆசை. தோட்டத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கொட்டகை, மேலே பெரிய தொட்டி, கயிற்றை இழுத்தால் பனிக்கட்டி போன்ற தண்ணீர் முதுகில் கொட்டும். கட்டியவர் ஊர்த் தச்சர் ஜான் லூயிஸ். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார். தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது ஒரு பையனின் வேலை. குளிர்காலத்தில் உள்ளே இருந்து டார்வினின் முனகல் பிள்ளைகளுக்குக் கேட்குமாம்.

தோட்டத்துக்குக் கடைசியில் சான்ட்வாக் என்கிற மணல் பாதை. 1846ல் பக்கத்துப் பண்ணைக்காரரான லப்பக் குடும்பத்திடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஹேசல், பர்ச், ஹோலி மரங்களை நட்டு, சுற்றி ஒரு நடைபாதை போட்டார். 1874ல் அதை விலைக்கே வாங்கிவிட்டார். தினமும் அங்கே குறிப்பிட்ட சுற்று நடப்பார். சுற்றை எண்ண முனையில் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். இன்றைக்கு மருத்துவர் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னால் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் சுற்றுகிறோம் அல்லவா, அதே தான்.

1857-58 வாக்கில் வடக்குப் பக்கம் பெரிய வரவேற்பறையும் அதற்கு மேல் படுக்கையறைகளும் எழுந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை. பழைய வரவேற்பறை சாப்பாட்டு அறை ஆனது, பழைய சாப்பாட்டு அறையில் பில்லியர்ட்ஸ் மேஜை வந்தது. அந்த 1858 சாதாரண வருடம் இல்லை. ஜூன் மாதம் ஆல்ஃபிரட் வாலஸிடம் இருந்து கடிதம் வந்தது. இருபது வருடமாகத் தான் மறைத்து வைத்திருந்த அதே கருத்து வேறு ஒருவர் கையெழுத்தில். அந்த மாதக் கடைசியில், 28ஆம் தேதி, ஒன்றரை வயதுக் கடைசிக் குழந்தை சார்லஸ் வேரிங் ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்தான். ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய கட்டுரைகளும் வாசிக்கப்பட்ட போது டார்வின் அங்கே போகவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் புத்தகம் வந்தது. பில்லியர்ட்ஸ் ஆடினால் அந்த உயிரினங்கள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் இறங்கிப் போகின்றன என்று ஒரு கடிதத்தில் எழுதினார். பெரும்பாலும் எதிரே நின்று ஆடியது பட்லர் பார்ஸ்லோ.

1863 தொடக்கத்தில் ஒரு வெப்பக் கண்ணாடிக் கூடம் தயாரானது. பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் மேற்பார்வையில் கட்டினார்கள். வெப்ப நாட்டுச் செடிகளுக்காகக் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வண்டி அனுப்பினார் டார்வின், பொம்மைக்குக் காத்திருக்கும் பையனைப் போல. இந்தச் செலவைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. கொடிகள் எப்படி ஏறுகின்றன, செடிகள் எப்படிப் பூச்சியைப் பிடித்துத் தின்கின்றன என்று அவர் பின்னால் எழுதிய நூல்களுக்கு அங்கே தான் வேலை நடந்தது. கப்பலில் போய் உலகத்தைப் பார்த்தவர், வயதான பிறகு உலகத்தைத் தொட்டிகளில் தன் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்.

அறுபது தாண்டியதும் வீட்டு வேலைகளின் போக்கு மாறுகிறது. 1872ல் வரவேற்பறையை ஒட்டிக் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு வராந்தா. பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை, ஆனால் கடைசிப் பத்து வருடம் அந்தக் குடும்பம் அதிகம் வாழ்ந்த இடம் அது என்று சொல்லலாம். மழையானாலும் வெளியில் உட்காரலாம், படி இறங்க வேண்டாம், தோட்டம் முழுக்கக் கண்ணில் படும். மகள் ஹென்ரியட்டா 1871ல் கல்யாணமாகிப் போனதும் அவள் வளர்த்த பாலி என்கிற நாய் அப்பாவிடம் ஒட்டிக்கொண்டது. அதற்கும் வெயில் காய அது தான் இடம். ராத்திரி எம்மாவும் சார்லஸும் இரண்டு ஆட்டம் பேக்கேமன் ஆடுவார்கள். வெற்றி தோல்விக் கணக்கை டார்வின் வருடக்கணக்காக எழுதி வைத்திருந்தார். 1876ல் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்கு எழுதும் போது எம்மா 2490 ஆட்டம், தான் 2795 ஆட்டம் ஜெயித்திருப்பதாகப் பெருமை அடித்துக்கொண்டார். இயற்கைத் தேர்வை எழுதிய மனிதர் பெண்டாட்டியை பேக்கேமனில் முந்தியதற்குக் கொக்கரித்திருக்கிறார்!

அதே 1876. டார்வினுக்கு 67, எம்மாவுக்கு 68. அந்தக் கோடையில் பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கைக் கதையை எழுதி முடித்திருந்தார். கணக்கு முடிக்கும் வயது என்று அவரே நினைத்திருக்கலாம். மகன் ஃபிரான்சிஸ் அதே கிராமத்தில் தனி வீட்டில் மனைவி ஏமியோடு இருந்துகொண்டு அப்பாவுக்கு உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தார். செப்டம்பர் 7ஆம் தேதி ஏமிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளில் ஏமி இறந்து போனார். ஃபிரான்சிஸ் கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வயதான காலத்தில் வீட்டைச் சுருக்கிக்கொள்வது தான் உலக வழக்கம். மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே இரண்டு அறையில் காலம் தள்ளுவார்கள். டவுன் ஹவுஸில் நேர்மாறாக நடந்தது. 1876-77ல் வடக்குப் பக்கம் மறுபடி ஒரு பெரிய பகுதியைக் கட்டினார்கள். கீழே புது பில்லியர்ட்ஸ் அறை, மேலே படுக்கையறையும் உடை மாற்றும் அறையும். குழந்தைகள் இல்லாமல் அமைதியாகிவிட்ட வீட்டில் மறுபடி ஆயா, தொட்டில், அழுகை. கிழவனும் கிழவியும் மறுபடி பெற்றோர் ஆனார்கள். அந்தக் குழந்தை பெர்னார்ட் டார்வின், பிற்காலத்தில் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதிப் பெரிய பெயர் வாங்கினார். மூத்த குழந்தைகள் காலத்தில் மாடிப்படியில் மாட்டிச் சறுக்கி விளையாட ஒரு வழவழப்பான மரப்பலகை இருந்தது. ஒரு காலத்தில் ஏழு எட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு சறுக்கிய வீட்டுக்கு ஒரே ஒரு பேரன் எவ்வளவு பெரிய செல்வமாக இருந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் புதுப் பகுதியை வரைந்த கட்டடக் கலைஞர் வில்லியம் மார்ஷல். இந்தப் பெயர் டென்னிஸ் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1877 ஜூலையில் நடந்த முதலாவது விம்பிள்டன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஸ்பென்சர் கோரிடம் தோற்றவர் இவர் தான். டார்வின் வீட்டையும் விம்பிள்டன் மைதானத்தையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார் என்பது பொது அறிவுப் போட்டிக்கு நல்ல கேள்வி.

பில்லியர்ட்ஸ் மேஜை அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. கடைசிக் காலத்தில் டார்வின் அந்தப் பெரிய அறையையே தன் புதுப் படிப்பறை ஆக்கிக்கொண்டார். பழைய படிப்பறை குளிரும் இருட்டுமாக நெருக்கடியாக இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்த மூலையை விட்டு எழுபது வயதுக்குப் பிறகு எழுந்து போவது யாருக்கும் சுலபம் இல்லை. ஆனாலும் போனார். வேலை நிற்கவில்லை. அப்போது அவர் கையில் எடுத்திருந்தது மண்புழு.

இங்கே தான் இந்த வீட்டுக் கதையின் ஒரு அழகான முடிச்சு இருக்கிறது. குடி வந்த அதே 1842 டிசம்பரில் வீட்டுக்குப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியில் உடைந்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பினார்கள். எவ்வளவு காலத்தில் அவை மண்ணுக்குள் புதைகின்றன என்று பார்க்க வேண்டும் என்பது எண்ணம். பிறகு விட்டுவிட்டார்கள். 29 வருடம் கழித்து, 1871 நவம்பர் கடைசியில், அங்கே ஒரு பள்ளம் தோண்டினார் டார்வின். வெள்ளைக் கட்டிகள் ஒரே கோடாக ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தன. யாரும் புதைக்கவில்லை. மண்புழுக்கள் அடியில் இருந்து மண்ணை விழுங்கி மேலே தள்ளித் தள்ளி மூடியிருந்தன, வருடத்துக்கு ஏறக்குறைய 0.22 அங்குலம் வீதம். அவர் மேலே அறை மேல் அறையாகக் கட்டிக்கொண்டிருந்த அதே காலம் முழுவதும் கீழே அவையும் கட்டிக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் ஒருவர் 29 வருடம் குடியிருந்தால் ஒழிய இந்தச் சோதனை சாத்தியமே இல்லை. வாடகை வீட்டில் இதைச் செய்ய முடியுமா?

வீட்டுக்குள்ளும் புழுக்கள் வந்தன, மண் தொட்டிகளில். அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஃபிரான்சிஸ் பசூன் என்கிற குழலை வாசித்தார். விசில் ஊதிப் பார்த்தார்கள். பியானோ சத்தத்தைப் புழுக்கள் சட்டையே செய்யவில்லை. ஆனால் தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. வரவேற்பறையில் உட்கார்ந்து விருந்தாளிகளோடு பேசுவது தான் அன்றைய கனவான்களின் முதுமை. அதே வரவேற்பறையில் மனைவியின் பியானோ மேல் புழுத்தொட்டி வைக்க ஒரு வீடு அனுமதித்தது என்றால் அதற்கும் எம்மாவுக்குத் தான் நன்றி சொல்ல வேண்டும். 1881 அக்டோபரில் மண்புழு நூல் வெளியானது. அது தான் அவருடைய கடைசிப் புத்தகம்.

1882 மார்ச் தொடக்கத்தில் சான்ட்வாக்கில் நடந்துகொண்டிருந்த போது நெஞ்சுவலி வந்தது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு வெளியில் அதிகம் போகவில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி தன் படுக்கையறையில் எம்மா பக்கத்தில் இருக்க உயிர் பிரிந்தது. வயது 73. பாலி நாயும் சில நாளில் போய்விட்டது.

கிராமத்துத் தேவாலயத்தில், மேரி எலனாரும் குட்டி சார்லஸும் கிடக்கும் அதே மண்ணில் தன்னையும் புதைப்பார்கள் என்று தான் டார்வின் நினைத்திருந்தார். தச்சர் ஜான் லூயிஸ் அவர் விருப்பப்படியே மெருகு ஏற்றாத சாதாரணப் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆனால் லண்டனில் இருந்த அறிவியல் பெரியவர்கள் கூடிப் பேசி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் தான் அடக்கம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு லூயிஸின் பெட்டி போதாதாம். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் வேறு பெட்டி வந்தது, இவருடையது திரும்பி வந்தது. பல வருடம் கழித்தும் லூயிஸ் அதை வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு எத்தனையோ மர வேலை செய்தவர், கடைசி வேலையை மட்டும் ஏற்க மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் 26ஆம் தேதி அபேயில் நடந்த சடங்குக்கு எம்மா போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்.

எம்மா இன்னும் பதினான்கு வருடம் இருந்தார். குளிர்காலத்துக்குக் கேம்பிரிட்ஜில் த குரோவ் என்ற வீட்டை வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் ஃபிரான்சிஸும் ஹோரஸும் அந்த வளாகத்திலேயே தங்களுக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். ஆனால் கோடை வந்தால் டவுன் ஹவுஸுக்குத் திரும்பிவிடுவார். அந்த வீட்டில் தான் 1896 அக்டோபர் 2ஆம் தேதி இறந்தார். கணவர் அபேயில். எம்மா மட்டும் கிராமத்து மண்ணில், பிள்ளைகளோடு.

அதன் பிறகு வீடு கை மாறியது. 1907ல் அங்கே ஒரு பெண்கள் பள்ளி தொடங்கியது. இடம் போதாமல் 1920களின் தொடக்கத்தில் பள்ளி வேறு மாவட்டத்துக்குப் போன போதும் டவுன் ஹவுஸ் என்ற பெயரை விடவில்லை. 1927ல் மானுடவியலாளர் ஆர்தர் கீத் இந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பொதுவில் கேட்டுக்கொண்டார். ஜார்ஜ் பக்ஸ்டன் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் தன் பணத்தில் அதை வாங்கிக் கொடுத்தார். 1929ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. டார்வினின் மகன் லியனார்ட் அப்போது உயிரோடு இருந்தார். அவர் எடுத்த புகைப்படமும் அவர் நினைவும் இல்லாமல் இருந்தால் படிப்பறையில் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. 1996ல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு வாங்கிப் பழுது பார்த்து 1998ல் மறுபடி திறந்தது.

பழுது பார்க்கும் போது ஒரு கேள்வி வரத் தானே செய்யும். நாற்பது வருடம் மாறிக்கொண்டே இருந்த வீட்டை எந்த வருடத்துக்குத் திருப்புவது? பார்வையாளர்களுக்குக் காட்ட அவர்கள் தேர்ந்தெடுத்தது பழைய படிப்பறையை. சக்கர நாற்காலி, பலகை, கணப்பு, மூலையில் தடுப்பு, தரையில் பாலியின் கூடை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன. மூக்குப்பொடி ஜாடியின் இடம் மட்டும் வெளியே, கூடத்தில்.